இரும்புக்கை மாயாவி முதல் இரவுக் கழுகார் வரை: ஒரு டிரங்குப் பெட்டியின் வரலாறு



மலர்க் குழுவினர் போன் செய்து கட்டுரை கேட்டபோது, "மின் உற்பத்தி: அன்றும் இன்றும்" என்று ஒரு தலைப்பையும் அவர்களே சொன்னார்கள். அதை எழுத என்னைவிடத் தகுதியான சீனியர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் தயங்கித் தயங்கி, "காமிக்ஸ் பத்தி எழுதலாமுங்களா?" என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. சரி, மனுசர் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பிறகு வந்தது பாருங்கள் ஒரு குரல்! "இரும்புக்கை மாயாவியா? எழுதுங்க தம்பி, எழுதுங்க!" பேசியவர் 1980-களில் நம் கல்லூரியில் படித்தவர், இன்று பேரன் பேத்தி எடுத்தவர். அந்த உற்சாகம்தான் இந்தக் கட்டுரைக்குப் பிள்ளையார் சுழி.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒரு வார்த்தை. நீங்கள் அயர்ன்மேனையும் பேட்மேனையும் திரையில் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் அப்பாவும் மாமாவும் அவிநாசி பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய புத்தகங்களில் சந்தித்த நாயகர்கள் வேறு. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படி வந்தார்கள், ஏன் காணாமல் போனார்கள் என்பது ஒரு நல்ல வரலாறு. கல்லூரிப் பாடத்தில் இல்லாத வரலாறு என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாமாவின் பெட்டி

என் தாய்மாமா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு விசைத்தறிக் குடோனில் வேலைக்குப் போனவர். அவிநாசியில் எங்கள் அம்மாயி வீட்டு அட்டாலியில் அவருடைய தகரப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் சுமார் இருநூறு காமிக்ஸ் புத்தகங்கள். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், அட்டை கிழிந்து பெயரே தெரியாத சில. பாச்சா உருண்டை வாசனையும் பழைய நியூஸ்பிரிண்ட் வாசனையும் கலந்து அடிக்கும். சித்திரைத் தேருக்கு அம்மாயி வீட்டுக்குப் போனால் மற்ற பிள்ளைகள் ராட்டினத்துக்கு ஓடுவார்கள். நான் ஏணி போட்டு அட்டாலிக்கு ஏறிவிடுவேன். "மாப்ள, வரிசை மாத்தாம எடுத்து வரிசை மாத்தாம வைக்கோணும்" என்பது மட்டும்தான் மாமாவின் கட்டளை. நான் தமிழை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கப் பழகியது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்த அட்டாலியில்தான்.

அந்தப் பெட்டியில் இருந்தது பாதி ஐரோப்பா என்பது அப்போது எனக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

தீப்பெட்டி ஊரில் பிறந்த படக்கதை

தமிழ் காமிக்ஸின் வரலாறு சிவகாசியில்தான் பெரும்பகுதி நடக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிள் அடிக்க அச்சகம் வேண்டும். இப்படி வண்ண அச்சுத் தொழில் அந்த வறண்ட பூமியில் வேர்பிடித்தது. திருப்பூரில் பனியனைச் சுற்றிச் சாயப்பட்டறையும் அட்டைப்பெட்டியும் வளரவில்லையா, அதே கதைதான்.

அச்சகம் இருக்கிறது, காகிதம் இருக்கிறது, பைண்டிங் செய்ய ஆள் இருக்கிறது. இனி அச்சடிக்கச் சரக்கு வேண்டும். சிவகாசியைச் சேர்ந்த சௌந்தரபாண்டியன் தேர்ந்தெடுத்த சரக்கு, படக்கதை. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. தலைப்பு: "இரும்புக்கை மாயாவி".

அதற்கு முன்பே தமிழில் படக்கதைகள் உண்டு. பத்திரிகைகளில் சித்திரத் தொடர்கள் வந்துகொண்டிருந்தன. டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் சில காலம் தமிழிலும் வந்தது. லீ ஃபாக் 1936-ல் உருவாக்கிய ஃபேண்டம் அதில் வந்தார். ஆனால் ஒரு கதை, ஒரு புத்தகம், பாக்கெட்டில் செருகிக்கொள்ளும் அளவு என்ற பழக்கத்தைத் தமிழ்ப் பையன்களுக்குப் பழக்கியது முத்து காமிக்ஸ்தான்.

ஷாக் அடித்தால் மறைகிற மனிதர்

மாயாவியின் கதையை மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சுருக்கமாக: லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆராய்ச்சிக்கூட உதவியாளர். விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். அந்தக் கையில் மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுக்க மறைந்துவிடும், எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முதலில் கெட்ட வழியில் போனார். பிறகு திருந்தி உளவுப் படையில் சேர்ந்தார்.

அசலில் இது "ஸ்டீல் க்ளா" என்ற பெயரில், இங்கிலாந்தின் "வேலியண்ட்" வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடர். முதலில் எழுதியவர் கென்னத் புல்மர், பின்னர் டாம் டல்லி. வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிஷ் ஓவியர். அதே 1962-ல்தான் அமெரிக்காவில் ஆகஸ்ட் மாத இதழ் ஒன்றில் ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றினார். ஆக நம் மாயாவியும் இன்றைய ஸ்பைடர்மேனும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். ஒருவர் உலகம் முழுக்கக் கோடிகளில் ஓடுகிறார். மற்றவரைச் சொந்த ஊரான இங்கிலாந்திலேயே பலர் மறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் தாத்தாக்களுக்கும் அவர் பெயர் தெரியும்! கோவைப் பக்கம் கிணத்துக்கடவைச் சேர்ந்த இயக்குநர் லோகேஷ் கனகராஜ் "இரும்புக்கை மாயாவி" என்ற பெயரில் படம் எடுக்க ஆசைப்பட்ட செய்தி வந்தபோது, பலர் வீட்டில் இந்தப் பழைய பேச்சு மறுபடி கிளம்பியது நினைவிருக்கலாம்.

நான் ஈ.இ.இ. எடுத்ததற்கு மாயாவிதான் காரணம் என்று சொன்னால் எங்கள் வகுப்புத் தோழர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. தோட்டத்து மோட்டார் ரூமில் திரீ-பேஸ் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எஃகுக் கைதான் ஞாபகம் வரும். முதலாம் ஆண்டு லேபில் லேசாக ஷாக் அடித்தபோது நான் மறையவில்லை. லேப் உதவியாளரின் திட்டு மட்டும் நன்றாகக் கேட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் ஐசோமெட்ரிக் வரைய மற்றவர்கள் திணறியபோது எனக்கு அது சுலபமாக வந்தது. ஒரு பொருளை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் மனசுக்குள் திருப்பிப் பார்க்கிற பயிற்சியை பிளாஸ்கோவின் கட்டங்கள் பத்து வயதிலேயே கொடுத்திருந்தன.

மாயாவியோடு லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ என்று இங்கிலாந்து உளவாளிகள் வரிசையாக வந்தார்கள். ஃபேண்டம் "வேதாளர்" ஆனார். குமுதம் குழுமத்தின் மாலைமதியும் தொடக்கத்தில் காமிக்ஸ் வெளியிட்டது. ரிப் கிர்பி என்ற கண்ணாடி போட்ட துப்பறிவாளரை மாமாவின் பெட்டியில் நான் கண்டது அப்படித்தான்.

1984 ஜூலை

தமிழ் காமிக்ஸுக்கு ஒரு திருநாள் குறிக்க வேண்டுமென்றால் 1984 ஜூலையைக் குறிக்கலாம். அந்த ஒரே மாதத்தில் இரண்டு இதழ்கள் பிறந்தன.

ஒன்று, தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ். மாதம் இருமுறை. முதல் இதழ் ஜேம்ஸ்பாண்ட் கதையான "அழகியைத் தேடி". பெரிய நிறுவனம் என்பதால் பேப்பர் போகிற ஊருக்கெல்லாம் அதுவும் போனது. ஃபேண்டம் இங்கே வேதாளர் அல்ல, "முகமூடி வீரர் மாயாவி". இதனால் ஊருக்குள் இரண்டு மாயாவி! "எந்த மாயாவி? கையா, முகமூடியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பண்டமாற்றே நடக்கும். ஜேம்ஸ்பாண்ட் கதைகளில் அசலில் உடை குறைவாக இருந்த பெண்களுக்கு இங்கே கறுப்பு மையால் உடை உடுத்தி அனுப்பினார்கள். வீட்டுக்குள் வர வேண்டிய புத்தகம் அல்லவா! ராணி காமிக்ஸ் 500 இதழ்களை எட்டி 2005-ல் நின்றது.

மற்றொன்று லயன் காமிக்ஸ். ஆசிரியர் எஸ். விஜயன், சௌந்தரபாண்டியனின் மகன். அப்போது அவருக்கு வயது பதினேழு! நம்மில் பலர் பிளஸ் டூ மார்க்கைப் பார்த்துத் திகைத்து நிற்கிற வயது. முதல் இதழ் "கத்திமுனையில் மாடஸ்டி". பீட்டர் ஓ'டொனல் உருவாக்கிய மாடஸ்டி பிளைஸி என்ற பெண் நாயகியின் கதை. பையன்கள் படிக்கும் இதழில் ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தி ஆரம்பித்தார்கள் என்பதை இன்று நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. அடுத்த சில மாதங்களிலேயே ஸ்பைடர் வந்தார். அவர்தான் லயனைத் தூக்கி நிறுத்தினார்.

இங்கே இளையவர்கள் குழம்பக் கூடாது. இந்த ஸ்பைடர் வேறு, ஸ்பைடர்மேன் வேறு. இவர் "குற்றச் சக்கரவர்த்தி". கூர்க்காது, வலை வீசும் துப்பாக்கி, தற்பெருமை. 1965-ல் இங்கிலாந்தின் "லயன்" வார இதழில் தொடங்கியவர். ஓவியர் ரெக் பன். சில கதைகளுக்குப் பிறகு இவருக்குக் கதை எழுத வந்தவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். 1938-ல் ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவர். உலகத்தின் முதல் சூப்பர் ஹீரோ உரிமையை அவர்கள் இருவரும் சேர்ந்து வெறும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு வழக்கு, வறுமை என்று அலைந்த காலத்தில், கடல் தாண்டி ஒரு பிரிட்டிஷ் வார இதழுக்கு எழுதிய கதைகள்தான் ஸ்பைடர் கதைகள். சூப்பர்மேனின் தகப்பன் எழுதியதைத்தான் மாமா தறி ஓடும் சத்தத்துக்கு நடுவில் டீ இடைவேளையில் வாசித்திருக்கிறார்!

சூப்பர் ஹீரோ ஏன் நிலைக்கவில்லை?

பேட்மேன் கதைகளும் 1980-களில் தமிழில் வந்தன. ஆனாலும் அமெரிக்கச் சூப்பர் ஹீரோக்கள் இங்கே வேர்விடவில்லை. எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு.

முதலாவது, அமெரிக்கக் கதைகள் மாதாமாதம் தொடரும் சங்கிலி. ஒரு மாதம் விட்டால் அடுத்தது புரியாது. நம் ஊரில் எந்த மாதம் எந்தப் புத்தகம் கிடைக்கும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. பிரிட்டிஷ் கதைகளும் ஐரோப்பிய ஆல்பங்களும் பெரும்பாலும் ஒரு புத்தகத்தில், மிஞ்சிப் போனால் இரண்டில் முடிந்துவிடும். பஸ்ஸில் ஏறும்போது வாங்கி இறங்கும்போது முடித்துவிடலாம்.

இரண்டாவது, வானத்தில் பறக்க நம்மிடம் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். அனுமாரைப் பார்த்த ஊரில் சூப்பர்மேன் புதிதல்ல. ஆனால் தூசி பறக்கும் பூமி, குதிரை, கிணற்றுத் தண்ணீர்ச் சண்டை, மாடு திருட்டு, ஊர்ப் பெரியவரின் அக்கிரமம், அதைத் தட்டிக் கேட்க வருகிற ஓர் ஆள் என்றால் நமக்கு உடனே புரிகிறது. கௌபாய் கதைகள் தமிழ்நாட்டில் இந்த அளவு ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இத்தாலியும் பெல்ஜியமும்

அந்தக் கௌபாய்களில் முதல்வர் டெக்ஸ் வில்லர். 1948-ல் இத்தாலியில் ஜியான்லூயிஜி பொனெல்லி எழுத, ஆரேலியோ கலெப்பினி வரையத் தொடங்கிய தொடர். இன்றும் இத்தாலியில் நிற்காமல் வருகிறது. 1980-களின் நடுவில் "தலை வாங்கிக் குரங்கு" மூலம் தமிழுக்கு வந்தார். ஆங்கிலத்தில் டெக்ஸ் கதைகள் மிக அபூர்வம். அதாவது சென்னையிலோ பெங்களூரிலோ ஆங்கிலப் புத்தகக் கடையில் படித்து வளர்ந்தவருக்கு டெக்ஸைத் தெரிய வாய்ப்பில்லை; அவிநாசித் தறித் தொழிலாளிக்குத் தெரியும்.

டெக்ஸின் தமிழைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நவஹோ இனத்தவர் அவருக்கு வைத்த பெயர் "இரவுக் கழுகு". தமிழில் அவர் "இரவுக் கழுகார்". கூட்டாளி கிட் கார்சன் நரைத்த முடிக்காரர், அவர் "வெள்ளிமுடியார்". அந்த ஒரு "ஆர்" விகுதியைப் பாருங்கள்! வயசுக்கும் வீரத்துக்கும் மரியாதை கொடுத்தே பேசிப் பழகிய நம் ஊர்க்காரனுக்கு அந்த ஆள் அந்நியனாகவே தெரியவில்லை. நல்ல மொழிபெயர்ப்பு என்றால் இதுதான். அகராதியில் கிடைக்காது.

பிறகு பெல்ஜியம், பிரான்ஸ். மோரிஸ் என்ற பெல்ஜியக்காரர் 1946-ல் உருவாக்கிய லக்கி லூக், நிழலைவிட வேகமாகச் சுடுபவர். டிபெட் என்ற ஓவியரின் சிக் பில், கூடவே அசட்டு ஷெரீப் டாக்புல்லும் கிட் ஆர்டினும். இவர்கள் சிரிக்க வைத்தவர்கள். கேப்டன் டைகர் வேறு ரகம். அசலில் அவர் பெயர் புளூபெரி. 1963-ல் பிரான்சின் "பிலோட்" இதழில் ஷார்லியே எழுத, ஜான் ஜிரோ வரைந்தது. புளூபெரி என்ற பழத்தை நம் ஊரில் யார் கண்டார்கள்? எனவே டைகர். அழுக்குச் சட்டை, உடைந்த மூக்கு, சூதாட்டம். அதிகாரிகளே துரத்தும் ஒரு ராணுவ அதிகாரி. மாமாவின் பெட்டியில் அதிகம் கசங்கியிருந்த புத்தகம் "தங்கக் கல்லறை".

இந்த ஜிரோதான் "மோபியஸ்" என்ற இன்னொரு பெயரில் ஐரோப்பாவின் சோதனைக் காமிக்ஸுக்கு வழிகாட்டியவர். அமெரிக்காவில் ராபர்ட் க்ரம்ப் 1968-ல் "ஜாப்" என்ற இதழைக் கொண்டுவந்து, கடைக்குப் போகாத தலைமறைவுக் காமிக்ஸ் என்ற ஓர் அலையைத் தொடங்கிவைத்தார். அந்த அலையைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்களில் மோபியஸும் ஒருவர். நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய "மெத்தால் ஊர்லான்" இதழ் 1975-ல் வந்தது. பின்னால் வந்த எத்தனையோ அறிவியல் புனைகதைப் படங்களின் தோற்றத்துக்கு அந்த இதழின் ஓவியங்கள் தூண்டுகோல். அத்தனை பெரிய கையின் கோடுகளை நாம் சிவகாசி நியூஸ்பிரிண்டில் கறுப்பு வெள்ளையில் பார்த்துவிட்டோம், பெயர் தெரியாமலேயே.

கோவையில் அச்சான ஈரான்

இந்த வரலாற்றில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கடைக் காமிக்ஸுக்கு அப்பால், பெரிய நிறுவனங்கள் தொடாத கதைகளை வெளியிட 1990-ல் பிரெஞ்சு ஓவியர்கள் சிலர் "லஸோசியாசியோன்" என்ற பதிப்பகத்தைத் தாங்களே தொடங்கினார்கள். 2000 முதல் 2003 வரை அது நான்கு பாகங்களாக வெளியிட்ட புத்தகம் "பெர்செபோலிஸ்". ஈரானில் பிறந்த மர்ஜானே சத்ரபி, புரட்சியும் போருமாகக் கழிந்த தன் குழந்தைப் பருவத்தைக் கறுப்பு வெள்ளையில் வரைந்தது. அதைத் தமிழில் கொண்டுவந்தது கோவை விடியல் பதிப்பகம். மொழிபெயர்த்தவர் எஸ். பாலச்சந்திரன். "ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை" என்று பெயர்.

அதை வாங்கிப் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. படக்கதை என்றால் துப்பாக்கி, குதிரை, முகமூடி மட்டும் அல்ல. ஒரு சிறுமி, அவள் பாட்டி, சிறைக்குப் போய்வந்த மாமா, இவர்களை வைத்தும் எழுதலாம். நம் ஊர்ப் பனியன் கம்பெனியையும் தறிக்குடோனையும் வைத்து அப்படி ஒரு படக்கதையை யாராவது வரைய வேண்டும். நம் கல்லூரி மாணவர் ஒருவர் வரைந்தால் முதல் பிரதி நான் வாங்கிக்கொள்கிறேன்.

நான் செய்த தவறு

இப்போது சொல்ல வெட்கப்படும் விஷயத்துக்கு வருகிறேன். 2006-ல் ஹாஸ்டலில் சேர்ந்தேன். முதல் வாரத்திலேயே அறை நண்பர்கள் யார் யார் என்னென்ன படிப்பார்கள் என்ற பேச்சு வந்தது. ஒருவன் ஆங்கிலத்தில் ஆஸ்டெரிக்ஸ் வரிசை முழுக்கப் படித்தவன். இன்னொருவன் மார்வெல். என் பையில் இரண்டு லயன் காமிக்ஸ் இருந்தன. நான் வெளியே எடுக்கவில்லை. "நான் நாவல்தான் படிப்பேன்" என்று பொய் சொன்னேன். ஆஸ்டெரிக்ஸும் லக்கி லூக்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், இருவருக்கும் கோஸினி என்ற ஒரே ஆள்தான் கதை எழுதினார் என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தால் தலை நிமிர்ந்து எடுத்துக் காட்டியிருப்பேன்!

அந்த வருடமே அம்மாயி வீட்டை இடித்துக் கட்டினார்கள். அட்டாலிச் சாமான்களை என்ன செய்வது என்று அம்மா போனில் கேட்டார். "பழைய புஸ்தகம்தானே, போட்டுடுங்க" என்றேன். இருநூறு புத்தகமும் பழைய பேப்பர்க் கடைக்குக் கிலோக் கணக்கில் போயின. வேலைக்குப் போயிருந்த மாமாவை யாரும் கேட்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமா ஒன்றும் திட்டவில்லை. "போச்சாது உடு மாப்ள, இருந்தாலும் செல்லுதான் அரிச்சிருக்கும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "அந்த ஞாபகம் மறந்தவன் கதை மட்டும் கடைசி என்னாச்சுன்னு தெரியாமயே போயிருச்சு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

ஞாபகம் மறந்தவனின் கதை

அவர் சொன்னது "இரத்தப் படலம்". 1984-ல் பெல்ஜியத்தில் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரையத் தொடங்கியது. கடற்கரையில் ஒதுங்கிய ஒருவன். தலையில் குண்டுக் காயம். எதுவும் ஞாபகமில்லை. கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் பதின்மூன்று என்ற ரோமன் எண் பச்சை குத்தியிருக்கிறது. தான் யார் என்று தேடிப் போகிறான்; ஒவ்வொரு பாகத்திலும் ஒரு புதுப் பெயர் கிடைக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் லயனில் ஆரம்பித்த இந்தக் கதை பாகம் பாகமாக, வருடக்கணக்கான இடைவெளி விட்டு வந்தது. மாமா கடைசிவரை படிக்காமலே விட்டுப்போனது இதனால்தான்.

2000-களில் டிவியும் கம்ப்யூட்டரும் வந்து தமிழ் காமிக்ஸ் தேய்ந்தது. ராணி நின்றது. லயனும் முத்தும் எப்போதாவதுதான் வந்தன. ஆனாலும் 2010-ல் இரத்தப் படலத்தின் பாகங்களைச் சேர்த்து 800 பக்கங்களுக்கு மேல் ஒரே தடித்த புத்தகமாக, 200 ரூபாய் விலையில் சிவகாசியில் வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் சினிபுக் நிறுவனம் இதே கதையை ஆங்கிலத்தில் முதல் பாகத்திலிருந்து தொடராக வெளியிட ஆரம்பித்ததும் அதே 2010-ல்தான். தமிழ் வாசகன் அந்த வகையில் ஆங்கில வாசகனை முந்திவிட்டான். நான் இறுதியாண்டு முடித்து வெளியே வந்த வருடம் அது. பிளேஸ்மெண்ட் பரபரப்பில் எனக்குத் தெரியவே இல்லை.

2012 ஜனவரியில் "கம்பேக் ஸ்பெஷல்" வந்தது. அதன் பிறகு நல்ல தாளில், முழு வண்ணத்தில், நூறு ரூபாய் விலையில் புத்தகங்கள் வர ஆரம்பித்தன. பெட்டிக்கடைகள் கைவிட்ட பின் சந்தா கட்டி வாங்கும் வாசகர்களே இதழைத் தாங்கினார்கள். பையன்களாக இருந்தபோது படித்தவர்கள், சம்பாதிக்க ஆரம்பித்த பின் திரும்பி வந்தார்கள்.

மக்கள் சிந்தனைப் பேரவை ஆகஸ்டில் நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழா அவர்களுக்கு ஒரு சந்திப்பு இடமாகிவிட்டது. 2018-ல் இரத்தப் படலத்தின் வண்ணத் தொகுப்பு ஈரோட்டில் வெளியானபோது மாமாவையும் அழைத்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் வங்கி மேலாளர், லாரி ஓனர், வாத்தியார், ஜவுளிக்கடைக்காரர் எல்லோரும் தலை நரைத்த பிள்ளைகளாக நின்றார்கள். மாமா புத்தகத்தைக் கையில் வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து, கடற்கரையில் கிடக்கிறவனைப் பார்த்தார். "கலர்ல வேற மாதிரி இருக்கறானே" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது பெருந்துறை தாண்டும்வரை பேசவே இல்லை, படித்துக்கொண்டே வந்தார். கடைசியில் அந்த ஆள் யார் என்று அவருக்கு இப்போது தெரியும். எனக்கும் ஒரு பாரம் இறங்கியது.

ஒரு வேண்டுகோள்

நம் அவிநாசித் தலத்தின் கதை உங்களுக்குத் தெரியும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டபோது, அது விழுங்கியபோது இருந்த குழந்தையாக வரவில்லை; இடைப்பட்ட வருடங்களுக்கும் சேர்த்து வளர்ந்த பிள்ளையாக வந்தது. தமிழ் காமிக்ஸும் அப்படித்தான் திரும்பியிருக்கிறது. ஆனால் முதலை வயிற்றிலேயே தங்கிவிட்டவையும் உண்டு. 1970-களின் இதழ்கள், மாலைமதிக் காமிக்ஸ், பெயர் போடாத மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பு இவையெல்லாம் பெரும்பாலும் பொது நூலகங்களில் சேரவில்லை. காமிக்ஸை நூலாகவே யாரும் மதிக்கவில்லை. இருப்பவை தனிமனிதர்களின் பரணிலும் பீரோவிலும்தான். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்தவைதான் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த சந்திப்புக்கு வரும்போது உங்கள் வீட்டு அட்டாலியை ஒருமுறை ஏறிப் பாருங்கள். பழைய காமிக்ஸ் இருந்தால் பேப்பர்க் கடைக்குப் போடும் முன் எங்களுக்குச் சொல்லுங்கள். நம் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கித் தருமாறு நிர்வாகத்திடம் கேட்கலாம். அலமாரிச் செலவு என் பொறுப்பு. முதல் புத்தகமாக மாமா ஈரோட்டில் வாங்கிய தொகுப்பை வைக்கலாமா என்று அவரிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெச்சுக்கலாம் மாப்ள. ஆனா வரிசை மாத்தாம வைக்கோணும்" என்றார்.

எந்த வருடம் படித்து வெளியேறியவராக இருந்தாலும் சரி, மாயாவியைத் தெரிந்த அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கங்கள். அடுத்த சந்திப்பில் பார்ப்போம்.

(கட்டுரையாளர் நம் கல்லூரியில் 2006–2010-ல் மின்னியல் மற்றும் மின்னணுவியல் பொறியியல் பயின்றவர்.)